ஏ கிரேடு தீர்த்தம்

சிங்கப்பூரில் எங்கேயாவது வரிசை நின்றால் நம் ஆட்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "என்ன கொடுக்குறாங்க?" "எங்க நிக்கணும்?" முதல் கேள்விக்குப் பதில் வருவதற்குள் இரண்டாவதற்குப் பதிலைக் கண்டுபிடித்து நின்றுவிடுவார்கள்.

டன்லப் ஸ்திரீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நின்ற வரிசை அப்படிப்பட்டது. அஹமது கபீர் பாயின் தேநீர்க் கடை வாசலில் தொடங்கி, நகைக்கடையைத் தாண்டி, கைப்பேசிக் கடையைத் தாண்டி, மூலையில் திரும்பிவிடும். பாய் முதலில் தன் கடைக்குத்தான் இவ்வளவு கூட்டம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். பாவம். கூட்டம் அவர் கடைக்கு மேலே மாடியில் இருந்த சர்வசாந்தி சித்தர் பீடத்துக்கு வந்தது. அவர் கடையில் கழிப்பறை எங்கே என்று மட்டும்தான் கேட்டது.

சர்வசாந்தி சித்தர் இமயமலையில் பன்னிரண்டு வருடம் தவம் இருந்தவர். அப்படித்தான் பதாகையில் போட்டிருந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் பதினோரு வருடம் அவர் அங் மோ கியோவில் தங்கராஜு என்ற பெயரில் வீட்டுத் தரகராக இருந்தார் என்பது லெட்டர்பாக்ஸ் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். கோட்டு, டை, நீட்டிய கட்டைவிரல், "உங்கள் வீட்டை விற்க என்னை அழையுங்கள்" என்று வாராவாரம் துண்டுத்தாள் விழும். கோட்டு போய்க் காவி வந்தது. டை போய் உருத்திராட்சம் வந்தது. கட்டைவிரல் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது அதற்குப் பெயர் ஆசீர்வாதம்.

தொழிலை விட்டாரே தவிர, தொழில் மொழியை விடவில்லை.

"உடம்புங்கிறது ஒரு வீடு, தாயே," என்பார், கண்ணை மூடிக்கொண்டு. "உங்க வீட்டுல யாரோ லீஸ் இல்லாம குடியிருக்காங்க. தலைவலி வருதா? அது உள்ரூமுல இருக்கிற ஆளு. முட்டி வலியா? அது ஸ்டோர் ரூம். பயப்படாதீங்க. நான் நோட்டீஸ் கொடுக்குறேன்."

நோட்டீஸ் என்பது சாந்தி தீர்த்தம். இமயமலை மூலிகை கலந்தது, பழுப்பு நிறம், ஏலக்காய் வாசனை. ஒரு மிடறு குடித்தால் உள்ளே இருக்கிற ஆவி பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் இன்னொரு பாட்டில். படித்தவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள். வீட்டுக்கடன் கணக்கை நாலு தடவை சரிபார்க்கிற கணக்காளர், வாடகை கட்டாத ஆவி தன் முட்டியில் இருக்கிறது என்றதும் ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை.

ஆனால் இத்தனை கூட்டமும் முட்டிவலிக்காக வரவில்லை. நட்சத்திரத்தைப் பார்க்க வந்தது.

நட்சத்திரம், என் அம்மா.

அம்மா பெயர் அன்னம்மா. பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறாள். வெள்ளிக்கிழமை கடையில் மூச்சு விட நேரம் இருக்காது. அன்றைக்குத்தான் அம்மாவுக்கு விரதமும். காலையில் ஒரு வாய்த் தண்ணீர், பிறகு சாயங்காலம் பூசை முடியும்வரை ஒன்றும் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மல்லிகைச் சரத்துக்கு வழக்கமாகப் பேரம் பேசும் ஒரு பெரிய மனிதர் வந்தார். அம்மாவின் கை நடுங்கியது. முகம் வேர்த்துக் கொட்டியது. கண் எங்கேயோ நிலைகுத்தியது. நாக்குக் குழற, "இத்தனை வருசமா பேரம் பேசுறியே, ஒரு நாளாவது உன் பொண்டாட்டிக்குக் குடுத்திருக்கியாடா?" என்று கேட்டாள்.

பெரிய மனிதர் வெளிறினார். பக்கத்தில் நின்ற பவளக்கொடி அத்தை கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டாள்.

"சாமி வந்துருச்சு! அம்மன் இறங்கிட்டா!"

பவளக்கொடி அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பா போன பிறகு எங்களை விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொண்டவள். ஆனால் சாமி என்று யாராவது தும்மினால்கூட நம்பிவிடுவாள். அம்மாவைக் கைத்தாங்கலாகச் சித்தர் பீடத்துக்கு இழுத்துப் போனாள். சித்தர் கட்டைவிரலை நீட்டினார். மந்திரம் சொன்னார். ஒரு சொம்பு தீர்த்தத்தை அம்மா வாயில் ஊற்றினார். கால் மணி நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "கடையை யாரு பாத்துக்கிறா?" என்று கேட்டாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

அன்றைக்கு அம்மா மயக்கத்தில் "ரெண்டு ரெண்டாத் தெரியுதே, எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுதே" என்று முனகியிருக்கிறாள். கண்ணுக்கு எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது, ஐயோ பாவம் என்று ஒருவர் சொன்னாரா? இல்லை. கூட்டம் ஓடிப்போய் நாலு நம்பர் லாட்டரியில் 2222 வாங்கியது. அது ஆறுதல் பரிசுப் பட்டியலில் வந்தும் தொலைத்தது. முடிந்தது கதை. மறுவாரம் டன்லப் ஸ்திரீட் முழுக்க ஆள். அம்மா எதை உளறினாலும் பேனா எடுத்து எழுதினார்கள். ஒரு தடவை "அறுபத்தி ஒன்னு பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டாள். முன்னால் இரண்டு சைபர் போட்டு அதையும் வாங்கினார்கள். அது வரவில்லை. அம்மனுக்குக் கோபம் என்றார்கள். 2222 வந்தபோது அம்மனின் அருள், வராதபோது அம்மனின் கோபம். இந்த மாதிரி வேலை எனக்குக் கிடைத்தால் நானும் செய்வேன்.

எனக்குக் கிடைத்த வேலை வேறு. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். உணவு அறிவியல் படித்தேன். பூன் லே பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பானங்களில் சர்க்கரை அளக்கிறேன். கடையில் டின்னை எடுத்தால் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து இருக்குமே, அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பது என் மாதிரி ஆட்களின் முதுகுவலி. ஏ என்றால் சர்க்கரை இல்லை அல்லது துளி. டி என்றால் கொட்டிக் கிடக்கிறது.

சித்தரின் தீர்த்தத்தைக் கொஞ்சம் கொண்டுபோய் அளந்தேன். டிக்குக் கீழே எழுத்து இல்லையே என்று வருத்தப்பட்டேன்.

"மா, அது சர்க்கரைத் தண்ணி. மூலிகையும் இல்ல, இமயமலையும் இல்ல."

"எல்லாச் சாமிக்கும் பானகம்தான் வைக்குறாங்க. உன் லேப்புல அதையும் அளந்து பாரு," என்றாள் அம்மா.

அதில்லை விஷயம். எங்கள் புக்கிட் மேரா வீட்டில் நடப்பதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா கொஞ்சம் நேரம் கழித்து எழுந்தால், அடுப்படியில் நின்று உப்பு டப்பாவை வெறித்துப் பார்ப்பாள். என் பெயரைக் கேட்டால் திணறுவாள். சட்டை நனைந்திருக்கும். காப்பி போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடுவாள். அம்மா அடிக்கடி எதையாவது வாயில் போட்டுக்கொண்டே இருந்தாள், உடம்பும் ஏறிக்கொண்டே போனது. காப்பிக்கே போய்விடுகிற அம்மனுக்கு எதற்கு ஒரு சித்தர்?

கெஞ்சி, மிரட்டி, ஒரு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்து, அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் டான் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு. சர்க்கரையை அடக்கும் இன்சுலின் அங்கேதான் சுரக்கிறது. அதில் ஒரு சின்னக் கட்டி முளைத்திருக்கலாம். பெரும்பாலும் சாதுவான கட்டிதான். ஆனால் அதற்கு நேரம் காலம் தெரியாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை விழும். மூளைக்குத் தீனி இருக்காது. நடுக்கம், வேர்வை, குழறல், இரட்டைப் பார்வை, சம்பந்தமில்லாத பேச்சு. இனிப்புக் கொடுத்தால் தெளியும்.

"வெள்ளிக்கிழமை அம்மன்," என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. புரியவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உறுதிப்படுத்த அம்மா மருத்துவமனையில் படுக்கவேண்டும். கண்காணிப்பில் பட்டினி போட்டு, சர்க்கரை விழும்போது இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு ஸ்கேன். கட்டி இருந்தால் அறுவை. தள்ளிப்போட்டால் ஒரு நாள் வலிப்பு வரலாம், நினைவு திரும்பாமலே போகலாம் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் படம் போடவில்லை.

வீட்டில் செய்தி சொன்னேன். அத்தை என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினாள்.

"கட்டி இருக்குன்னு சொல்றியே, நீ பாத்தியா? ப்ரூஃப் இருக்கா?"

"அதுக்குத்தான் அத்தே ஸ்கேன்."

"ப்ரூஃபே இல்லாம கத்தி வைக்கப் பாக்குறாங்க! சித்தர் சொல்லிட்டாரு லா. கத்தி பட்டா அம்மன் வீட்டைக் காலி பண்ணிருவாளாம். அப்புறம் இந்தக் குடும்பத்துக்கே ஆகாதாம்."

"பட்டினி போடுறதுக்கு ஆஸ்பத்திரியா?" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "அதை நான் வெள்ளிக்கிழமை ஓசியிலேயே பண்றேன்."

அம்மா மருத்துவமனைத் தேதியைத் தள்ளிவைத்தாள். பிறகு இன்னொரு முறை. அவள் கண்ணில் பயம் மட்டும் இல்லை, கொஞ்சம் பெருமையும் இருந்தது. முப்பது வருடமாக அடுத்தவர் கழுத்துக்கு மாலை கட்டியவள். இப்போது கணக்காளர்களும் மேலாளர்களும் அவள் கழுத்தில் மாலை போட்டுக் காலில் விழுகிறார்கள். அதைக் காலி செய்யச் சொல்ல நான் யார்? எனக்குச் சித்தர் மேல் வந்த ஆத்திரம் அங்கேதான் முற்றியது. அவர் என் அம்மாவின் நோயைச் சொந்தக் கடையாக்கி வைத்திருந்தார். நோய் தீர்ந்தால் கடை மூடவேண்டும்.

சித்தரைக் கவிழ்க்க நான் ஒன்றும் செய்யவேண்டி இருக்கவில்லை. அதை ஒரு தரகரின் பேராசை பார்த்துக்கொண்டது.

பீடத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நீரிழிவுக்காரர்கள். நம் இனத்தின் தேசியச் சொத்து அல்லவா அது. வாராவாரம் தீர்த்தம் குடித்த மாணிக்கவாசகம் அங்கிளுக்கு, சிங்கப்பூர் அளவில் நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கவேண்டிய சர்க்கரை பதினெட்டுக்குப் போய்விட்டது. அவர் நேராகச் சித்தரிடம் போய்ச் சண்டை பிடித்தார்.

"சாமி, ஆவி போச்சா தெரியல. ஆனா என் டாக்டர் என்னைப் போகச் சொல்லிட்டாரு."

சித்தர் யோசித்தார். தரகர் மூளை வேலை செய்தது. இத்தனை நீரிழிவுக்காரர்களை வாடிக்கையாளர்களாக வைத்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் விற்பது வியாபார தர்மமா? மறுவாரமே டன்லப் ஸ்திரீட்டில் புதுப் பதாகை தொங்கியது.

"புத்தம் புதிய சாந்தி தீர்த்தம். சர்க்கரை பூஜ்யம். சக்தி பூரணம். ஏ கிரேடு! வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா. அம்மன் நேரில் வந்து அருந்துகிறாள். ஃபேஸ்புக்கில் நேரலை."

பதாகையைப் படித்துவிட்டு நடுரோட்டில் நின்று சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. அருந்தப்போவது அம்மன் இல்லை. என் அம்மா.

அம்மாவைப் போகவிடாமல் தடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. அதனால் மாடிப்படியின் கீழே, அம்மா இன்னும் தெளிவாக இருக்கும்போதே, அத்தையைச் சாட்சி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மா, ஒரு டீல். இன்னைக்கு அந்தப் புதுத் தீர்த்தத்துல அம்மன் மலையேறிட்டா, நான் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கமாட்டேன். மலையேறலைன்னா நீ திங்கட்கிழமை அட்மிட் ஆகுற. சரியா?"

"சித்தர் மேல சந்தேகமா உனக்கு?"

"உனக்குத்தான் சந்தேகம் இல்லல்ல? அப்புறம் என்ன பயம்?"

அம்மா என்னை முறைத்தாள். பூக்காரிக்குப் பேரத்தில் பின்வாங்கிப் பழக்கம் இல்லை.

"சரிடி. அத்தையே சாட்சி."

கபீர் பாயிடம் போய்த் தே, அதாவது தேநீர், சொன்னேன். "பாய், ஒரு தே, கண்டென்ஸ்டு மில்க் டபுளா. ரெடியா வச்சிருங்க. கூப்பிட்டதும் மேல வாங்க."

"டபுளாவா? ஏம்மா, நீயே சர்க்கரையை அளக்குற ஆளு."

"அதனாலதான் பாய்."

மாடி நிரம்பி வழிந்தது. சித்தர் காலரில் குட்டி ஒலிவாங்கி, எதிரே முக்காலியில் கைப்பேசி. பின்னால் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவர் கபிலன். தரகு வேலையிலேயே சித்தருக்குக் கூட்டாளி. இப்போது தலைமைச் சீடர். மேளம் கொட்டியது. சித்தர் ஏ கிரேடின் மகிமையைச் சொல்லிக்கொண்டே போனார். அம்மா வெறும் வயிற்றோடு காத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. கை நடுங்கியது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. தலை தொங்கியது. கூட்டம் பேனாவை எடுத்தது.

"தாயே! வந்துட்டியா! பக்தர்களுக்கு ஒரு வாக்குச் சொல்லு!"

"மல்லி... மல்லி தீந்துபோச்சு," என்றாள் அம்மா.

"மல்லிக்கு என்ன நம்பர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கவலையோடு கேட்டார்.

கபிலன் எடுத்துக்கொடுத்த புதுப் பாட்டிலைச் சித்தர் திறந்து அம்மாவுக்குப் புகட்டினார். மந்திரம் சொன்னார். கட்டைவிரலை நீட்டினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அம்மன் மலையேறவில்லை.

இன்னொரு குவளை. மந்திரம் உரக்க வந்தது. அம்மாவின் வேர்வை புடவையை நனைத்தது. நாக்கு இன்னும் குழறியது. எதிரே நின்ற அத்தையைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

அத்தையின் முகம் மாறியது. அம்மன் அதுவரை யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

"கவலைப்படாதீங்க! அம்மன் லீஸை எக்ஸ்டெண்ட் பண்ணக் கேக்குறா!" என்று சித்தர் சமாளித்தார். கைப்பேசித் திரையில் இதயங்கள் பறந்தன.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. முன்னே பாய்ந்தேன்.

"டீல் முடிஞ்சது. யார்கிட்டயாச்சும் சுகர் மெஷின் இருக்கா?"

கேட்டதுதான் தாமதம். டன்லப் ஸ்திரீட் மாடியில் அன்றைக்கு நடந்த ஒரே அற்புதம் அதுதான். கைப்பைகள் திறந்தன. இடுப்புப் பைகள் திறந்தன. வேட்டி மடிப்பிலிருந்துகூட ஒன்று வந்தது. பத்துப் பதினைந்து சர்க்கரை மானிகள் என் முகத்துக்கு நேராக நீண்டன.

"என்னுது புதுசு லா, ஊசி வலிக்காது."

"என்னுதை எடும்மா, ப்ளூடூத் இருக்கு."

மாணிக்கவாசகம் அங்கிள் யாரையும் கேட்காமல் அம்மாவின் விரலில் புது ஊசியைக் குத்திவிட்டார். மானியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு பாயிண்ட் ஒன்னு!"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இவர்களுக்குத் தேவாரம் தெரியாது, திருவாசகம் தெரியாது, ஆனால் இந்த எண் தெரியும். பதினாலையும் பதினாறையும் பார்த்தே வாழ்ந்தவர்கள். சிலர் முகத்தில் பொறாமையே தெரிந்தது.

"ரெண்டா? அது மயக்கம் போட்டு விழுற அளவு லா! என் அண்ணன் ஊசியை ஜாஸ்தி போட்டுக்கிட்டு ரெண்டரையில பாத்ரூம்ல விழுந்தாரு," என்றார் ஓர் அம்மாள். "அவரும் இப்படித்தான் உளறினாரு. எங்க அண்ணிய 'மிஸ்'னு கூப்பிட்டாரு."

"உங்க அண்ணனுக்கும் அம்மனா?"

"அவரு மெத்தடிஸ்ட் சர்ச்."

"பாய்!" என்று கத்தினேன்.

கபீர் பாய் குவளையோடு மூச்சு வாங்க வந்து நின்றார். அம்மாவுக்கு விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன்.

"நிறுத்துங்க! மந்திரம் ஏத்தாத தண்ணி அம்மனுக்கு ஆகாது!" என்று சித்தர் பதறினார். "பாய், நீங்க என்ன சொல்லி இதைக் கலக்குனீங்க?"

"நான் என்னங்க சொல்வேன்? சூடா, ஐஸான்னு கேப்பேன்," என்றார் பாய்.

காத்திருந்தோம். மேளக்காரர் தன் பாட்டுக்கு ஒரு தட்டுத் தட்டப் பார்த்தார். அத்தை அவரை ஒரு முறை முறைத்தாள். தட்டு பாதியில் நின்றது. அம்மாவின் நடுக்கம் அடங்கியது. வேர்வை நின்றது. அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"பவளம், ஏன்டி அழுவுற? இத்தனை பேரு எதுக்கு மெஷினைப் பிடிச்சிக்கிட்டு நிக்குறாங்க? கடையை யாரு பாத்துக்கிறா?"

அங்கிள் மறுபடி குத்தினார். "நாலு பாயிண்ட் எட்டு! நார்மல்!"

"மந்திரம் இருந்தது, சர்க்கரை இல்லை. அம்மன் அசையல," என்றேன். "சர்க்கரை இருந்தது, மந்திரம் இல்லை. அம்மன் போயிட்டா. இப்ப சொல்லுங்க, போக வச்சது எது?"

கூட்டம் யோசித்தது. பழக்கம் இல்லாத வேலை, நெற்றியில் நரம்பு தெரிந்தது.

சித்தர் விடுவாரா? "புரியலையா உங்களுக்கு? பாய் கடை என் பீடத்துக்கு நேர் கீழ! என் சக்தி தரை வழியா இறங்கித் தே தண்ணியில கலந்திருக்கு!"

நம்புவீர்களா? நாலைந்து தலை ஆடியது. ஒருவர் கபீர் பாயின் காலைத் தொடக் குனிந்தே விட்டார். பாய் இரண்டு அடி பின்னால் குதித்தார்.

நல்லவேளை, சித்தருக்கு வாய் நீளம். கூட்டம் பாயைச் சூழ்ந்த சமயத்தில் கபிலன் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு சீறினார்.

"முட்டாப் பயலே! அந்த அம்மாவுக்குக் கொடுக்குற பாட்டில்ல மட்டும் பழைய தீர்த்தத்தை ஊத்தி வைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? அதுக்குச் சர்க்கரை இல்லாம தெளியாதுன்னு எனக்கு மொத வாரமே தெரியும்டா! தேக்கா மார்க்கெட்டுல ரெண்டு கட்டி கூலா மலாக்கா வாங்கக் காசு இல்லாமயா போச்சு?"

காலரில் ஒலிவாங்கி இருந்ததை மறந்துவிட்டார். இமயமலை மூலிகையின் பெயர் தேக்கா மார்க்கெட் பனைவெல்லம் என்பது மாடி முழுக்க எதிரொலித்தது. கீழே வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டது. வீட்டில் படுத்துக்கொண்டு நேரலை பார்த்தவர்களுக்கும் கேட்டது. திரையில் இதயங்கள் நின்று, கோப முகங்கள் பறக்க ஆரம்பித்தன.

முதலில் வாயைத் திறந்தது பவளக்கொடி அத்தை. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"மொத வாரமே தெரியுமா? தெரிஞ்சும் எங்க அண்ணியை ஆஸ்பத்திரிக்குப் போகவேணாம்னியா?"

"ஆன்ட்டி, ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க," என்றார் சித்தர். சித்தர் மறைந்து தங்கராஜு வந்துவிட்டார். "பேசித் தீத்துக்கலாம் லா. உங்களுக்குன்னா தனி ரேட்..."

அத்தை ஏ கிரேடு பாட்டில் ஒன்றை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தாள். நல்லவேளை, அதில் சர்க்கரை இல்லை. எறும்பு வராது.

அம்மா கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தாள். "கட்டு லூசு. எங்க கடைச் சரக்கு இல்ல," என்று தரையில் வைத்தாள். படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்குடி?"

மருத்துவமனையில் பட்டினி போட்டார்கள். மூன்று நாள்வரை ஆகலாம் என்றார்கள். அம்மாவின் அம்மனுக்கு ஒரே இராத்திரி போதுமாக இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை இல்லை, இன்சுலின் மட்டும் ஏறி நின்றது. ஸ்கேனில் கணையத்தின் வால்பக்கம் ஒரு புள்ளி தெரிந்தது. அறுத்து எடுத்தபின் டாக்டர் டான் அளவு காட்ட விரலைக் குவித்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மல்லி மொட்டு அளவுதானா? இதுக்கா இத்தனை பேரு என் கால்ல விழுந்தாங்க?"

பிறகு என் காதில் கிசுகிசுத்தாள். "அது அம்மன் இல்லைன்னு நிச்சயமான்னு டாக்டரைக் கேளேன்."

கேட்டேன். எனக்கு வெட்கம் கிடையாது. டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். கட்டியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு இன்சுலினோமா என்று வந்திருக்கிறது, வேறு பெயர் எதுவும் வரவில்லை.

உடம்பு தேறி, டாக்டரும் சரி என்ற பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை அம்மா மறுபடி விரதம் இருந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை அவளுடையது. சர்க்கரை மானியை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் அத்தை பூக்கடைக்கே போய் எதிரில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"அண்ணி, ஏதாச்சும் வருதா?"

"வருது."

"என்ன வருது?" அத்தை கையைக் கூப்பத் தயாரானாள்.

"பசி வருது. போய் ரெண்டு தோசை வாங்கிட்டு வா."

தங்கராஜு இப்போது ஜொகூரில் மனை விற்கிறாராம். வாஸ்து இலவசம். டன்லப் ஸ்திரீட் மாடிக்கு அழகு நிலையம் வந்துவிட்டது. கபீர் பாய் கடையில் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் சிலர் ஒரு தே வாங்கி, குடிக்குமுன் கண்ணை மூடிக் கும்பிடுகிறார்கள். சுவரில் பாய் ஓர் அட்டை எழுதி ஒட்டியிருக்கிறார்: "இங்கே தேநீர் மட்டும்." அதையும் ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

கணையத்தில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது "ப்ரூஃப் இருக்கா?" என்று கேட்டார்கள். உடம்பில் அம்மன் குடிவந்திருக்கிறாள் என்று வீட்டுத் தரகர் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை. கேள்வியில் ஒரு குறையும் இல்லை, ஜனங்களே. அருமையான கேள்வி. அடுத்த தடவை ஆளை மாற்றிக் கேளுங்கள்.